பக்கம் 41ஐத் தேடி: வேறு வேறு ஊர்களில் இருந்துகொண்டு ஒரே வேலையைச் செய்தவர்களின் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியையாவது பாருங்கள். அதில் ஓர் உதவி கேட்டிருக்கிறோம்.

போன டிசம்பர் விடுமுறையில் எங்களில் ஒருவருடைய வட்ஸ்அப்புக்கு நீலகிரி கோத்தகிரியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய தகப்பனார் சின்ன வயதில் எங்கள் பாடசாலையில் படித்தவராம். 1970களின் நடுவில் குடும்பத்தோடு இந்தியா போய்விட்டார்களாம். தகப்பனாருடைய அண்ணன் மட்டும் இங்கேயே தங்கிவிட்டாராம். "எங்கப்பா எந்தத் தோட்டம்னு எங்களுக்குத் தெரியலீங்க சார். பதுளைன்னு மட்டும் சொல்லுவாரு. உங்க பள்ளிக்கூடத்துல பேரு எங்கயாச்சும் எழுதியிருக்குதா?" என்று கேட்டார். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் பெரியப்பாவின் பிள்ளைகளைத் தேடலாம் என்பது அவருடைய எண்ணம்.

எழுதியிருந்தது, உறவுகளே. அதுதான் எங்களை உறுத்துகிறது. 1998இல் பாடசாலை வெளியிட்ட ஆண்டு நிறைவு மலரில், இந்தியாவுக்குப் போன மாணவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பெயர், தோட்டம், டிவிஷன், விலகிய வருடம் என்று அப்போதிருந்த ஓர் ஆசிரியர் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டிப் புரட்டி எழுதியது. டவுன் முஸ்லிம் பாடசாலைதான் என்றாலும், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நடந்து வந்த பிள்ளைகளும் அங்கே எங்கள் வாப்பாமாரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்த இடாப்புகளைப் பிறகு கறையான் தின்றுவிட்டது. பட்டியலின் முதல் பக்கம் மலரில் 40, இரண்டாவது 41. எங்களிடம் 40 மட்டும் இருக்கிறது.

வயதானவர்களுக்கு இந்தப் பின்னணி தெரியும், இளம் பிள்ளைகளுக்காக ஒரு வரி. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் ஆனது அப்படித்தான்.

மலர் எப்படித் தொலைந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் ஒரே எழுத்து வேலையைப் பகிர்ந்து செய்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஊரைப் பொறுத்தவரை அந்தக் கதை ரயிலோடும் தபால்பையோடும் தொடங்குகிறது.

பண்டாரவளைக்கு 1894இல் வந்த ரயில் பாதை பதுளையைத் தொட்டது 1924இல். நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் இந்த முப்பது வருடம் வேடிக்கையாக இருக்கும், தெமோதர வளைவைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்காது. பாதை வந்த பிறகு கொழும்பு மெயிலில் தபால் பைகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தில் ஊவாத் தோட்டங்களின் கணக்கு வழக்கை மேற்பார்த்தவை கொழும்பிலிருந்த ஏஜென்சிக் கம்பனிகள். தோட்டத்துத் துரை அறிக்கை எழுதுவார், கிளாக்கர் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுப்பார், ஒன்று ஆபீஸ் பைலில் நிற்கும், ஒன்று கொழும்புக்குப் போகும். கேள்வியும் திருத்தமும் அடுத்த பையில் திரும்பி வரும். இன்று நாங்கள் போனில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், காத்திருப்பு மட்டும் குறைந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பை யாருக்காக ஓடியது என்பதையும் கேட்க வேண்டும். லயத்தில் இருந்தவருக்கென்று தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் முகவரி. அவருடைய கடிதம் ஆபீசுக்கு வந்து, ஆபீஸ் நினைத்தபோது அவர் கைக்குப் போகும். இன்றும் பல தோட்டங்களில் நிலைமை அவ்வளவாக மாறவில்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகளை நாங்களே படிப்பித்திருக்கிறோம். கோத்தகிரியிலிருந்து வந்திருக்கக்கூடிய எத்தனை கடிதங்கள் இப்படி எந்த மேசை லாச்சிக்குள் கிடந்தனவோ.

அந்தத் தபாலையே நம்பி மலையகத்தில் ஓர் இலக்கியம் வளர்ந்தது என்பதுதான் ஆச்சரியம். 1960களில் வீரகேசரியோடு சேர்ந்து மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. தோட்டங்களிலிருந்து கதைகள் கொழும்புக்குப் போயின. பரிசு பெற்றவை 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. நம் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தாம் வேலை செய்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' வேறொரு வாசல். கையால் எழுதி, பிரதி எடுத்து வைக்க வசதியில்லாமல், இருந்த ஒரே தாளையும் உறையில் போட்டு முத்திரை ஒட்டி அனுப்பினார்கள். தொலைந்தால் தொலைந்ததுதான்.

இனி எங்கள் மலருக்கு வருவோம்.

1998இல் மலர்க்குழு மூன்று ஊர்களில் இருந்தது. கட்டுரைகளைச் சேர்த்தவர்கள் பதுளையில், செம்மை பார்த்தவர் கண்டியில், கணினியில் எழுத்துக்கோத்ததும் அச்சிட்டதும் கொழும்பில். பதினொரு பிளொப்பியில் வேலை முடிந்தது. ஒரு பிளொப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்று ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது! அச்சான பிரதிகளில் அநேகமானவை விழாவில் முக்கியஸ்தர்களுக்குப் போயின. முக்கியஸ்தர்கள் மலர்களை வாசிக்கிறார்களா என்பது தனி ஆராய்ச்சி. பிளொப்பிகளை மலர்க்குழுச் செயலாளர் ஒரு மில்க் டொபி டின்னில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு வீட்டுக்காரர்கள் அதை எங்களிடம் தந்தது 2019இல்.

பிளொப்பி வாசிக்கும் கணினியைத் தேடவே இரண்டு மாதம் போனது. கடைசியில் ஒரு கொமினிகேஷன் கடையின் மூலையில் தூசு படிந்த ஒன்று கிடைத்தது. பதினொன்றில் எட்டு திறந்தன. திறந்ததும் திரையில் தெரிந்தது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மழைக்குப் பிறகு ஈசல் விழுந்த மாதிரி கொட்டிக் கிடந்தன. கடைக்காரப் பொடியன், "சேர், இது வைரஸ், அழிச்சிருவோமா?" என்றான். நல்ல வேளை, எங்களில் ஒருவருக்கு அரைப்புள்ளியைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அது வைரஸ் இல்லை, பாமினி.

பாமினி எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். அதில் தட்டிய கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான் சேமிக்கப்பட்டிருக்கும், அவற்றுக்கு மேல் பாமினி தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. ஆகவே 'க்' என்று நாம் பார்ப்பது கோப்புக்குள் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். வாங்குகிறவரின் கணினியில் பாமினி இல்லையென்றால் சட்டை கழன்றுவிடும். 1990களில் நாட்டுக்கு நாடு, அச்சகத்துக்கு அச்சகம் வேறு வேறு எழுத்துருக்கள் இருந்தன. அதனால் தமிழில் கோப்பு அனுப்புகிறவர் கூடவே எழுத்துருவையும் அனுப்ப வேண்டும், அதை நிறுவும் விதத்தையும் போனில் சொல்ல வேண்டும். பாதிப் பேர் சலித்துப்போய்த் தாளில் அச்செடுத்து பக்ஸ் பண்ணினார்கள்.

இந்தச் சிக்கல் இருந்த காலத்திலேயே உலகமெங்கும் சிதறிக்கிடந்த தமிழர் சிலர் ஒன்றாக வேலை செய்யத் துணிந்தார்கள். 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. எங்கள் மலர் வந்த அதே வருடம்! சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் அதன் மையம். அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் அவருக்குத் துணை. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தங்கள் தங்கள் வீட்டில் இருந்து தட்டச்சு செய்வார்கள், வேறு ஊரில் இருப்பவர் பிழை பார்ப்பார், லோசானில் இறுதி வடிவம் பெறும். முதல் நூல் திருக்குறள். யாருக்கும் சம்பளம் இல்லை. அந்த மின்னூல்களைத் திறந்தால் நூல் தொடங்குவதற்கு முன், தட்டியவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார் என்று பெயர்கள் இருக்கும், பலருக்கு ஊரும் நாடும் சேர்த்து. அந்தப் பட்டியலை வாசிப்பதே எங்களுக்கு ஒரு சந்தோஷம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இத்தனை பேர்!

எழுத்துருச் சண்டையை முடித்து வைத்தது யூனிகோட். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனக்கென்று ஓர் எண் என்ற ஏற்பாடு அது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் சாதாரண வீட்டுக் கணினியில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000 வந்த பிறகுதான். பாமினியில் கிடந்ததை யூனிகோட்டுக்கு மாற்ற, ஜெர்மனியில் இருந்து சுரதா யாழ்வாணன் செய்துதந்த மாற்றி இலங்கையில் எத்தனை பத்திரிகைக்காரருக்கும் ஆசிரியருக்கும் கை கொடுத்தது என்று கணக்கே இல்லை. எங்கள் எட்டு பிளொப்பிகளும் அப்படித்தான் ஒரு மணித்தியாலத்தில் மீண்டும் தமிழாயின. 'ஸ்ரீ' வந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் குளறுபடி, கையால் திருத்தினோம்.

நம் நாட்டுக் கதைக்கு வந்தால், இரண்டு பேரைச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த என். செல்வராஜா, இலங்கைத் தமிழரின் நூல்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் 'நூல்தேட்டம்' தொகுதிகளை 2002 முதல் வெளியிட்டார். தொகுதிக்கு ஆயிரம் நூல். அவற்றில் சில தொகுதிகளை வெளியிடுவதில் கைகோர்த்தது கண்டி உடத்தலவின்னையில் பீ. எம். புன்னியாமீன் நடத்திய சிந்தனை வட்டம். இலண்டன் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர், மலையில் ஒரு முஸ்லிம் பதிப்பாளர். நாட்டில் யுத்தம் நடந்த காலம். வடக்கிலிருந்து 1990இல் நம் சமூகத்தவர் வெளியேற்றப்பட்ட காயமும் ஆறாத காலம். அந்த நேரத்தில் இவர்கள் இருவரும் புத்தகப் பட்டியலைச் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நாங்கள் பெரிய விஷயமாகவே நினைக்கிறோம். புன்னியாமீன் 2016இல் காலமானார்.

அடுத்தது நூலகம் திட்டம். 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இரு இளைஞர்கள் தொடங்கியது. இலண்டனில் இருந்த இ. பத்மநாப ஐயர் போன்ற மூத்தவர்களின் தூண்டுதல் அதற்குப் பின்னால் இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கட்டிடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்த தலைமுறை அது. ஆரம்பத்தில் மதுரைத் திட்டம் போலத் தட்டச்சு செய்தார்கள். பிறகு பக்கங்களை அப்படியே ஸ்கான் செய்து பிடிஎப் ஆக்கினார்கள். ஓர் ஊரில் ஸ்கான், இன்னோர் ஊரில் துப்புரவு, வேறொரு நாட்டில் இருப்பவர் அட்டவணையில் சேர்ப்பார். அட்டவணை விக்கி முறையில் இருப்பதால் யார் எதை எப்போது மாற்றினார் என்ற வரலாறு அழியாமல் நிற்கும். இன்று அதற்குள் மலையக ஆவணகம், முஸ்லிம் ஆவணகம் என்று தனிப் பிரிவுகளே இருக்கின்றன. பதுளைப் பிள்ளைகள் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்களும் முப்பது வயதுக்குப் பிறகுதான் பார்த்தோம்.

எட்டு பிளொப்பி கிடைத்தாலும் மூன்று போய்விட்டனவே. அந்தப் பக்கங்களை அச்சுப் பிரதியிலிருந்துதான் மீட்க வேண்டும். கல்வியியற் கல்லூரியில் ஒரே அணியில் படித்த நாங்கள் நால்வர்: ஒருவர் பதுளையில், ஒருவர் லுணுகலையில், ஒருவர் காத்தான்குடியில், ஒருவர் புத்தளத்தில். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வேலையைத் தொடங்கினோம். பகலில் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்புவது, இரவில் மலர். லுணுகலைக்காரருக்கு வீட்டில் சிக்னல் இல்லை. தேயிலைக்கு நடுவில் ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். அவருடைய மாணவர்களும் அதே பாறைக்குத்தான் வருவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு போன், அதுவும் தகப்பன் கொழும்பில் கடை வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். இணையவழிக் கல்வி என்று எல்லாரும் பேசிய நாட்களில் ஒரு பாறையில் பதினாறு பிள்ளைகள் வரிசையில் நின்றதை நாங்கள் பார்த்தோம்.

எங்கள் வேலையில் நடந்த முதல் விபத்து பிரதிகளால் வந்தது. காத்தான்குடியில் இருந்தவர் மூன்று இரவு விழித்து ஒன்பது பக்கம் திருத்தினார். அதே நேரத்தில் புத்தளத்தில் இருந்தவர் பழைய பிரதியில் வேறு பக்கங்களைத் திருத்தி, அதையே கூகுள் டிரைவில் மேலே போட்டுவிட்டார். ஒன்பது பக்கமும் போய்விட்டது. நோன்பு காலம் வேறு, இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பிறகு பதுளையில் இருந்தவர் நடுவில் நின்று, உஸ்மான் (ரழி) அவர்கள் சரிபார்த்த குர்ஆன் பிரதிகளை எழுதுவித்து முக்கிய நகரங்களுக்கு அனுப்பியதே ஊருக்கு ஊர் வேறுபாடு வந்துவிடக் கூடாது என்றுதானே என்று நினைவூட்டினார். ஒப்பிடக்கூடாத பெரிய விஷயம்தான், ஆனாலும் கோபம் தணிந்தது. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். கோப்பில் கை வைக்கிறவர் குழுவில் "பை என்னிடம்" என்று போட வேண்டும். முடித்ததும் "பை ஆபீசுக்கு" என்று போட வேண்டும். பழைய தோட்டத்துத் தபால்பையின் நினைவாக லுணுகலைக்காரர் தந்த சொல் அது. ஒரே கோப்பில் நால்வரும் ஒரே நேரத்தில் எழுதும் வசதி கூகுளில் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, பாறையில் அது ஓடாது.

எல்லாப் பிரதியையும் நான்கு ஊரிலும் வைத்திருக்க வேண்டும் என்பதிலும் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். அதற்குக் காரணம் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் அந்த மலை இறங்கியபோது, மனிதர்களோடு லயங்களும், லயங்களுக்குள் இருந்த தகரப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. நம் வீடுகளில் பிறப்புச் சான்றிதழ், பழைய பிரஜாவுரிமைக் கடதாசி, கல்யாணப் படம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக ஒரே பெட்டியில்.

2021 இறுதியில் மலர் முழுவதும் யூனிகோட்டில் தயாரானது, இரண்டு பக்கத்தைத் தவிர. எங்களுக்குக் கிடைத்த அச்சுப் பிரதிகள் மூன்று. ஒன்றில் நடுப்பகுதி நனைந்து ஒட்டிப்போயிருந்தது. இன்னொன்றில் யாரோ படத்துக்காகத் தாள்களைக் கிழித்திருந்தார்கள். மூன்றாவதில் அச்சகத் தவறோ என்னவோ, 40க்குப் பின் 43 வருகிறது. பட்டியலின் முதல் பக்கத்தில் கோத்தகிரிக்காரரின் தகப்பனார் பெயர் இல்லை. அகர வரிசைப்படி அவர் பெயர் அடுத்த பக்கத்தில்தான் வர வேண்டும். இதை அவருக்குச் சொன்னோம். "பரவாயில்லீங்க சார், ஐம்பது வருசம் பொறுத்தாச்சு" என்றார்.

ஆகவே உறவுகளே, 1998 மலர் யார் வீட்டிலாவது இருந்தால், கொழும்பிலோ டுபாயிலோ இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டாவது, 41ஆம் பக்கத்தையும் 42ஆம் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். பச்சை அட்டை, முகப்பில் பாடசாலை மணியின் படம். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேராகப் பிடித்து எடுங்கள். தாளைப் பிய்க்க வேண்டாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், 'டொக்குமெண்ட்' என்று தெரிவு செய்து அனுப்புங்கள். தோட்டப் பகுதியில் இருப்பவர்கள் சொன்னால் சனிக்கிழமைகளில் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். பை இப்போது எங்களிடம்தான் இருக்கிறது.